பள்ளிக் கணினி ஆய்வகத்தில் கட்டற்ற மென்பொருள்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டின் அரசு, உதவிபெறும் பள்ளிகளில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்காக இது எழுதப்பட்டது. பத்துப் பன்னிரண்டு கணினி, அதில் பாதி பழையது, வந்து வந்து போகும் இணையம், ஒரே ஒரு பிரிண்டர். இந்த நிலைமையை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கட்டற்ற மென்பொருள் என்றால் காசில்லாத மென்பொருள்தானே?

இல்லை. காசு வேறு, உரிமை வேறு. எந்த வேலைக்கும் இயக்கலாம், உள்ளே திறந்து பார்த்து மாற்றலாம், படியெடுத்து யாருக்கும் கொடுக்கலாம், மாற்றியதையும் வெளியிடலாம். இந்த நான்கு உரிமையும் இருந்தால்தான் அது கட்டற்ற மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வளர்ந்த கருத்து இது. 1991இல் வந்த, இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கருவும் சேர்ந்தபோது முழு இயங்குதளமே இந்த உரிமைகளோடு கிடைத்தது.

பள்ளிக்கு இவற்றில் மிகவும் பயன்படுவது மூன்றாவது. ஆய்வகத்தில் பிள்ளை பழகிய மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். அது திருட்டு நகல் ஆகாது. இதற்கு மாறாக, கணிதப் பாடத்துக்கான ஜியோஜீப்ராவைப் பாருங்கள்: வகுப்பில் காசில்லாமல் பயன்படுத்தலாம், ஆனால் அதன் நிறுவல் கோப்புகளை வணிக நோக்கில் பயன்படுத்தத் தனி நிபந்தனை உண்டு. பாடம் நடத்துவதற்கு அது தடையில்லை. ஆனாலும் வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவது நல்லது.

எல்லாக் கணினியிலும் ஒரே நாளில் லினக்ஸ் போட்டுவிடலாமா?

வேண்டாம். அப்படிச் செய்த ஆய்வகங்கள்தான் ஆறு மாதத்தில் பழைய இடத்துக்கே திரும்புகின்றன. முதல் மாதம் இயங்குதளத்தைத் தொடாதீர்கள். இப்போது இருக்கும் விண்டோஸிலேயே லிபரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், ஜிம்ப், டக்ஸ் பெயின்ட், விஎல்சி ஆகியவற்றை நிறுவுங்கள். இவை எல்லாமே இரண்டு இயங்குதளத்திலும் ஓடும். ஆசிரியர்களின் கை இவற்றுக்குப் பழகியபின் அடியில் இருக்கும் இயங்குதளத்தை மாற்றினால் பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டாவது கட்டமாக ஒரு வரிசைக் கணினிகளை மட்டும் மாற்றுங்கள். பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு, செய்முறைத் தேர்வு மூன்றும் அந்த வரிசையில் தடங்கலில்லாமல் நடந்த பிறகே மற்றவை.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். பள்ளிகளில் இருக்கும் பல கணினிகள் அதற்கு முந்தையவை. அவை பழுதானவை அல்ல. பழைய வட்டுக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான வட்டு) போட்டால் இன்னும் பல ஆண்டு ஓடக்கூடியவை. அவற்றைக் குப்பைக்கு அனுப்பாமல் காப்பாற்ற லினக்ஸ்தான் நேரான வழி.

எந்தக் கணினிக்கு எதைப் போடுவது?

முதலில் ஒரு நோட்டில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: செயலி, ரேம், வட்டின் வகையும் அளவும், 64 பிட் ஓடுமா. கடைசிக் கேள்வியில் பலர் ஏமாறுகிறார்கள். 32 பிட் விண்டோஸ் 7 போட்டிருப்பதால் கணினியே 32 பிட் என்று நினைத்துவிடுகிறார்கள். கோர் 2 டுயோ முதலே பெரும்பாலான செயலிகள் 64 பிட்தான்.

4 ஜிபி ரேமும் 64 பிட் செயலியும் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அல்லது ஜுபுன்டு. 2 ஜிபி மட்டும்தான் என்றால் லுபுன்டு அல்லது ஆன்ட்டிஎக்ஸ். ஆனால் உலாவியில் நான்கு பக்கம் திறந்தாலே திணறும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உண்மையிலேயே 32 பிட் செயலி என்றால் தெரிவுகள் மிகக் குறைவு. உபுன்டு குடும்பம் அதை எப்போதோ விட்டுவிட்டது. ஆன்ட்டிஎக்ஸ் போட்டு, தட்டச்சுப் பயிற்சிக்கும் டக்ஸ் பெயின்ட்டுக்கும் மட்டும் அந்தக் கணினியை ஒதுக்குங்கள்.

சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது, இந்திய மொழிகளை முன்னிறுத்துவது. 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் இதைப் பலர் பார்த்திருப்பார்கள். பழக்கம் இருந்தால் அதையே தொடரலாம். இல்லையென்றால் உதவிக் குறிப்புகள் அதிகம் கிடைக்கும் மின்ட் எளிது.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை முதலில் எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள். 240 ஜிபி போதும். சுழலும் வட்டை மாற்றுவது தரும் வேகத்தைச் செயலி மாற்றினாலும் பெற முடியாது. அடுத்தது ரேம், வாங்குமுன் டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 இவற்றில் எது என்று பழைய பலகையைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

நிறுவும் வேலையை எந்த வரிசையில் செய்வது?

16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் வென்டாய் நிறுவி, வேண்டிய இயங்குதளக் கோப்புகளை அப்படியே அதில் நகலெடுங்கள். ஒரே பென் டிரைவில் நான்கைந்து இயங்குதளம் வைத்துக்கொள்ளலாம். பதிவிறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை, வெளியிட்டவர்கள் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடாமல் தொடங்காதீர்கள். இடையில் அறுந்த பதிவிறக்கத்தின் குறை நிறுவல் பாதி ஓடிய பிறகுதான் வெளியே தெரியும்.

பிறகு நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பாருங்கள். ஒலி, வைஃபை, திரை அளவு, பிரிண்டர் நான்கையும் அந்த நிலையிலேயே சோதிக்கலாம். கணினி தொடங்கும்போது டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். ஏசரில் எஃப்12 பட்டியலை முதலில் பயாஸில் இயக்கிவைக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் சரி என்றால் பழைய கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகலைத் திறந்தும் பார்த்துவிட்டு நிறுவுங்கள். தேர்வுப் பட்டியலும் மாற்றுச் சான்றிதழ்க் கோப்பும் எந்தக் கணினியில் இருக்கின்றன என்று அலுவலகத்தில் கேட்காமல் எந்த வட்டையும் அழிக்கக் கூடாது.

ஒரே மாதிரிக் கணினிகள் பல இருந்தால் ஒன்றை முழுதாகத் தயார்செய்து குளோன்ஜில்லாவால் மற்றவற்றுக்குப் படியெடுக்கலாம். படியெடுக்கப்படும் வட்டு மூல வட்டின் அளவோ அதைவிடப் பெரிதோ இருக்க வேண்டும். முடிந்ததும் ஒவ்வொரு கணினியின் பெயரையும் மாற்றுங்கள். மறந்தால் வலையமைப்பில் பத்தும் ஒரே பெயரில் நிற்கும்.

நிறுவியாயிற்று. இணையம் இருந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லை, ‘பாதுகாப்பற்றது’ என்கிறது. ஏன்?

கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் பொத்தான் மின்கலம் தீர்ந்திருக்கும். மின்சாரம் போய்வந்தால் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்று அந்தத் தேதிக்குப் பொருந்தாததால் உலாவி மறுக்கிறது. மென்பொருள் புதுப்பித்தலும் இதே காரணத்தால் நிற்கும். சிஆர் 2032 மின்கலம் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். எல்லாக் கணினிக்கும் மொத்தமாக வாங்கி மாற்றிவிடுவது நல்லது.

விண்டோஸையும் சேர்த்து வைத்திருக்கும் கணினியில் இன்னொரு சிக்கல் உண்டு. விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து படிக்க முடியும், எழுத முடியாது. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ அந்தப் பகுதியை முழுதாக மூடாமல் விட்டுவிடுவதுதான் காரணம். பவர் அமைப்புகளில் அதை அணைத்துவிட்டு, ஒருமுறை முறையாக ஷட் டவுன் செய்தால் சரியாகும்.

தமிழ்த் தட்டச்சு ஒழுங்காக வருமா?

வரும். ஆனால் சரியான ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸ் ஆய்வகங்களில் மிக அதிகமாகப் புகார் எழுவது இந்த ஓர் இடத்தில்தான்.

விசைப்பலகை அமைப்பில் ‘தமிழ்99’ என்ற பெயர் இரண்டு இடத்தில் இருக்கும். இயங்குதளத்தின் வழக்கமான விசைப்பலகைப் பட்டியலில் இருப்பது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே வேலை செய்யும். தமிழ்99இன் அழகே தானாகப் புள்ளி வைப்பதுதான். அது இதில் வராது. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவி, வெளியேறி மறுபடி நுழைந்து, ஐபஸ் விருப்பத்தேர்வுகளில் தமிழின் கீழ் உள்ள ‘தமிழ்99 (எம்17என்)’ என்பதைச் சேர்க்க வேண்டும். சரியானதுதானா என்று பார்க்க ‘அம்மா’ என்று அடியுங்கள்: ஏ, கே, கே, க்யூ. நான்கு விசையில் புள்ளியோடு ‘அம்மா’ வந்தால் சரி. ‘அமமா’ என்றோ வேறு ஏதோவோ வந்தால் தவறான பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் வழியாக வந்து, அரசு ஏற்ற முறை இது. பிள்ளைகளுக்கு இதையே கற்றுக்கொடுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் ஒலியியல் முறை முதல் நாள் எளிதாகத் தெரியும். ஆனால் தமிழை நினைக்கும்போதெல்லாம் ஆங்கில எழுத்துக்கூட்டலை நினைக்கும் பழக்கம் அதில் வந்துவிடுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தேவையில்லாத சுமை. தட்டச்சுப் பயிற்சி முடித்த ஆசிரியர்களுக்குப் பழைய தட்டச்சு விசைமுறையும் அதே எம்17என் தொகுப்பில் இருக்கிறது.

லிபரே ஆபீஸில் இன்னும் ஒரு படி. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் என்று போய்ச் சிக்கலான எழுத்தமைப்பு என்ற வரியை இயக்கி, அதற்கு மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். லிபரே ஆபீஸ் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி எழுத்துரு வைத்திருக்கும். பாணியில் ஆங்கில எழுத்துருவை மட்டும் மாற்றிவிட்டுத் தமிழ் மாறவில்லையே என்று தேடுபவர்கள் அதிகம். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ், மீரா இனிமை போதும்.

பத்து ஆண்டு வினாத்தாள் எல்லாம் பாமினி, வானவில் எழுத்துருவில் இருக்கிறதே?

அந்தக் கோப்புகளின் உள்ளே இருப்பது தமிழ் அல்ல, தமிழ் முகமூடி போட்ட ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். அச்சடித்தால் மட்டும் போதும் என்றால் அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளலாம், வேலை செய்யும். திருத்திப் பயன்படுத்த வேண்டும் என்றால் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றுவதே சரி. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பில் இதற்கான மாற்றிகள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்களுக்கு இதை ஒரு செயல்திட்டமாகவே கொடுக்கலாம்.

மாற்றும்போது இரண்டைக் கவனியுங்கள். வினாத்தாளில் இடையிடையே இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றிநிரல் தமிழென்று எண்ணி மாற்றிவிடும். எனவே தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒகர, ஓகார உயிர்மெய்கள் கொம்பும் துணைக்காலுமாகப் பிரிந்தே நின்றுவிடலாம். ஔகாரக் குறியின் இடத்தில் ‘ள’ வந்து உட்காரும். ‘கௌரவம்’ போன்ற சொற்களைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

பிரிண்டர்?

வாங்குமுன் கேட்டால் எளிது, வாங்கியபின் கேட்டால் கடினம். எச்பி லேசர்ஜெட் 1020 வேலை செய்யும். ஆனால் எச்பிலிப் தொகுப்போடு தனிச் செருகுநிரலையும் ஒருமுறை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பிரிண்டர் பட்டியலில் தெரியும், தாள் நகராது. பள்ளி அலுவலகங்களில் நிறைய இருக்கும் கேனன் எல்பிபி 2900 லினக்ஸில் மிகவும் படுத்தும். அதை ஒரு விண்டோஸ் கணினியிலேயே விட்டுவிட்டு, மற்ற கணினிகளிலிருந்து பிடிஎஃப் ஆக அனுப்பி அச்சடிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். புதிதாக வாங்கும்போது ஓட்டிநிரல் (டிரைவர்) தேவைப்படாத வலையமைப்பு அச்சு வசதி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

மேலிடத்திலிருந்து வேர்டு கோப்பு வருகிறது. திறந்தால் பக்கம் கலைகிறது.

பெரும்பாலும் எழுத்துரு இல்லாததுதான் காரணம். கலிப்ரிக்கு இணையான அகலம் கொண்ட கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலடியா, ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் எழுத்துருக்கள். இவற்றை நிறுவினால் ஆங்கிலக் கோப்புகள் பெரும்பாலும் இடத்தில் உட்காரும். கணக்கு வினாத்தாளில் செருகு பொருளாக வைத்த சமன்பாடுகள் மட்டும் சில நேரம் படமாகவே நிற்கலாம். அப்படி நின்றதைத் திருத்த வேண்டுமென்றால் புதிதாக எழுதுவதே வழி. பார்வைக்கு மட்டும் அனுப்பும் எதையும் பிடிஎஃப் ஆக அனுப்பும் பழக்கத்தைப் பள்ளி முழுவதும் கொண்டுவாருங்கள்.

மின்வெட்டுக்காக ஒரு வார்த்தை: லிபரே ஆபீஸ் இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புத் தகவலைச் சேமிக்கும். ஆப்ஷன்ஸில், லோட்/சேவ் பகுதியில் அதை 2 நிமிடமாக்குங்கள்.

11, 12ஆம் வகுப்புப் பாடத்துக்கு இது பொருந்துமா?

மாநிலப் பாடநூலிலேயே பெரும்பகுதி இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் விண்டோஸோடு உபுன்டுவும் இயங்குதளப் பாடத்தில் வருகிறது. கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஓப்பன் ஆபீஸின் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் பாடங்கள் உள்ளன. லிபரே ஆபீஸ் 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்தது என்பதால் பட்டிகள் கிட்டத்தட்ட ஒன்றே. பெயர் மாறியிருக்கும் சில கட்டளைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

சி++க்குப் பாடநூல் காட்டும் டெவ் சி++ விண்டோஸுக்கானது. லினக்ஸில் நிரல் எழுத ஜீனியும் ஜிசிசி தொகுப்பியும் போதும்: எஃப்9 தொகுக்கும், எஃப்5 இயக்கும். ‘பில்ட் எசென்ஷியல்’ தொகுப்பை நிறுவாமல் ஜீனியை மட்டும் நிறுவினால் எதுவும் ஓடாது. பழைய டர்போ சி++ பழக்கத்தில் திரையைத் துடைக்கும் கட்டளையையும் அதன் தலைப்புக் கோப்பையும் எழுதினால் பிழை வரும். அவை சி++ மொழியின் பகுதியே அல்ல என்று சொல்லிக்கொடுக்க இது நல்ல வாய்ப்பு.

பைத்தானில் நிரல் எழுதத் தானி நல்ல செயலி. மாறியின் மதிப்பு வரிக்கு வரி மாறுவதை அது காட்டும். சுழற்சிப் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் அட்டவணை போட்ட நேரம் மிச்சம். பாடநூல்படி ஐடில்தான் வேண்டும் என்றால் அதைத் தனியாக நிறுவ வேண்டும், பைத்தானோடு தானாக வராது. தரவு வரைபடப் பாடத்துக்கான மேட்பிளாட்லிப்பைப் பாடநூல் சொல்வதுபோல் பிப் வழியாக நிறுவப் போனால் புதிய உபுன்டுவும் டெபியனும் ‘வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்’ என்று மறுத்துவிடும். மென்பொருள் மேலாளரில் அதே பெயரைத் தேடி நிறுவினால் முடிந்தது. ஒரே நிரலில் டேப்பும் இடைவெளியும் கலந்தால் வரும் பிழை அடிக்கடி நேர்வது. நிரல் எழுதும் செயலியின் அமைப்பில் டேப்பை நான்கு இடைவெளியாக மாற்றும்படி எல்லாக் கணினியிலும் வைத்துவிடுங்கள்.

பொருந்தாத இடமும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகளில் பேஜ்மேக்கர் இருக்கிறது. ஸ்கிரைபஸ் அதே வேலையைச் செய்யும், ஆனால் தேர்வு கேட்பது பேஜ்மேக்கரின் பட்டிகளை. டேலியும் அப்படியே. மதிப்பெண்ணைப் பணயம் வைக்காதீர்கள். இரண்டு மூன்று கணினிகளை உரிமம் பெற்ற விண்டோஸோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வகுப்புகளுக்கு என்ன இருக்கிறது?

ஜிகாம்ப்ரி: இரண்டு முதல் பத்து வயதுவரைக்கான நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகள். சுட்டியைப் பிடிக்கவே தெரியாத பிள்ளையை அங்கிருந்து தொடங்குங்கள். டக்ஸ் பெயின்ட்டில் கோப்புப் பெயர் கேட்கும் தொல்லை இல்லை. சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் போதும், திறக்கும்போது படம் சின்னப் படமாகத் தெரியும். பட்டிகளைத் தமிழிலும் வைக்கலாம். இருபது கணினியில் ஒரே நேரம் ஓடினால் சத்தம் தாங்காது, அமைப்புக் கருவியில் ஒலியை நிறுத்திவிடுங்கள். வாய்ப்பாட்டுக்கு டக்ஸ் மேத்.

பிள்ளைகளுக்கு நிரல் எழுதப் பழக்கும் ஸ்கிராட்சின் அதிகாரபூர்வக் கணினிச் செயலி லினக்ஸுக்கு இல்லை. டர்போவார்ப் அதே திட்டக் கோப்புகளைத் திறக்கும், இணையமின்றியும் ஓடும். அறிவியலுக்கு வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம், தனிம அட்டவணைக்குக் கல்ஜியம், சோதனைகளைத் திரையில் செய்துபார்க்க ஃபெட் உருவகங்கள். ஸ்டெல்லேரியத்தில் முதலில் உங்கள் ஊரை இடமாகக் கொடுங்கள். பிள்ளை அன்றிரவு மொட்டைமாடியில் நின்று பார்க்கும் வானமும் திரையில் பார்த்ததும் ஒன்றாக இருந்தால்தான் பாடம் ஒட்டும். மிகப் பழைய வரைகலைச் சில்லில் புதிய பதிப்பு திறக்காமல் போகலாம். அப்போது பழைய பதிப்பை முயலுங்கள்.

இணையமே இல்லாத பள்ளியில்?

கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவையும் விக்சனரியையும் ஒரே கோப்பாக இறக்கிவைத்துப் படிக்கலாம். இணையம் உள்ள இடத்தில் பதிவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். வழக்கமான எஃப்ஏடி32 வடிவப் பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு மாற்றியபின் நகலெடுங்கள். ஒரு கணினியில் கிவிக்ஸ் வழங்கியை இயக்கினால் ஆய்வகத்தின் மற்ற கணினிகள் எல்லாம் உலாவி வழியே அதைப் படிக்கும். காணொளிப் பாடங்களுக்குக் கொலிப்ரி இதே முறையில் வேலை செய்யும்.

பிள்ளைகள் எதையாவது மாற்றிவிட்டால்?

நிர்வாகி உரிமையில்லாத கணக்கில்தான் அவர்கள் நுழைய வேண்டும். மின்ட்டின் விருந்தினர் கணக்கு வெளியேறியதும் எல்லாவற்றையும் துடைத்துவிடும். கேட்க வசதியாக இருக்கும். பிள்ளை ஒரு மணி நேரம் வரைந்த படமும் சேர்ந்தே போய்விடும். வகுப்புக்கு ஒரு கணக்கு, அதில் ஆளுக்கொரு கோப்புறை என்பது நடைமுறைக்கு ஏற்றது. எல்லாத் திரைகளையும் ஆசிரியர் ஓரிடத்திலிருந்து பார்க்க வேயான் இருக்கிறது. நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தலைமையாசிரியர் அறையில் உறையிலிட்டு வையுங்கள். பொறுப்பாசிரியர் மாறுதலாகிப் போனபின் கடவுச்சொல் தெரியாமல் பூட்டிக்கிடக்கும் ஆய்வகங்கள் நிறைய.

நாளைக்கு வேலைக்குப் போகும்போது விண்டோஸ் தெரியாதவர்களாகிவிட மாட்டார்களா?

இந்தக் கேள்விக்குப் பக்கத்து மாநிலமே பதில். கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. உபுன்டுவை அடிப்படையாகக் கொண்டு தங்கள் பாடத்துக்கேற்ப அவர்களே தொகுத்த இயங்குதளத்தில்தான் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் மாணவர்களே ஆய்வகத்தைப் பராமரிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். இரண்டு தலைமுறை மாணவர்கள் இப்படிப் படித்து வேலைக்கும் போயாயிற்று. அங்கே இது நிலைத்ததற்குக் காரணம் மென்பொருள் மட்டும் அல்ல. ஆசிரியர் பயிற்சியும், பாடநூலும், தேர்வும் ஒரே மென்பொருளைச் சுற்றி அமைந்தன. தனியொரு பள்ளியால் அவ்வளவும் முடியாது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் நான்கைந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பராமரிப்பைக் கற்றுக்கொடுப்பது எந்தப் பள்ளியாலும் முடியும்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு?

க்னோம் மேசைச்சூழலில் ஆர்கா திரைபடிப்பான் உள்ளேயே இருக்கிறது. சூப்பர், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசும். ஈஸ்பீக் என்ஜி தமிழிலும் வாசிக்கும், குரல் இயந்திரத்தனமாக இருந்தாலும் பழகினால் வேகமாகக் கேட்கலாம். விண்டோஸ் கணினி என்றால் என்விடிஏ. அதுவும் கட்டற்ற மென்பொருளே. மாணவர் ஏற்கெனவே எதில் பழகியிருக்கிறார் என்று கேட்டு, அந்தக் கணினியை அவருக்காக மாற்றாமல் வையுங்கள்.

வீட்டில் கணினி இருக்கும் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

அங்கே பெரும்பாலும் விண்டோஸ்தான் இருக்கும், அதை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. லிபரே ஆபீஸ், டக்ஸ் பெயின்ட், டர்போவார்ப், தானி, ஆடாசிட்டி இவற்றின் விண்டோஸ் நிறுவல் கோப்புகளை ஒரு பென் டிரைவில் போட்டு, எதை எப்படி நிறுவுவது என்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பும் சேர்த்துக் கொடுங்கள். பென் டிரைவ் திரும்பி வந்ததும் அடுத்த பிள்ளைக்குக் கொடுக்குமுன் லினக்ஸ் கணினியில் செருகி வடிவமைத்துவிட்டு, கோப்புகளைப் புதிதாக நகலெடுத்துக் கொடுங்கள். வழியில் ஒட்டிக்கொண்ட வைரஸ் அடுத்த வீட்டுக்குப் போகாது.